சிரிக்கப் பயப்படாமல் வாசிக்கச் சில புத்தகங்கள்

கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தின் மாதர் சங்கத்துக்கு நான் முதன்முதலாகக் கொண்டு சென்ற புத்தகப் பெட்டியைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கும். சத்துணவு, வீட்டுத்தோட்டம், சிறுசேமிப்பு, கோழி வளர்ப்பு, 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று எல்லாம் மிகவும் பயனுள்ள நூல்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. மேலே பல்லி முட்டையிட்டிருந்தது.

"ஏன் அம்மா, ஒருத்தரும் எடுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் நீங்கள் கூட்டத்திலையே சொல்லுறியள்தானே பிள்ளை. இரவில நித்திரை வராட்டி வாசிக்கிறதுக்கு ஒண்டும் இல்லையோ?" என்றார் சங்கத்தின் மூத்த அம்மா ஒருவர்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். தேவைகள் மதிப்பீட்டுப் படிவங்கள் எத்தனையோ நிரப்பியிருக்கிறேன். அவற்றில் மலசலகூடத்துக்குக் கட்டம் இருக்கும், ஆட்டுக்கும் கடனுக்கும் கட்டம் இருக்கும். இரவில் நித்திரை வராத பெண்ணுக்கு ஒரு நல்ல கதை வேண்டும் என்று எழுத ஒரு கட்டமும் இருப்பதில்லை. இத்தனைக்கும் இந்தத் தேவையை அனுபவித்து அறிந்தவள் நான். 2009இல் செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் நாங்கள் இருந்தபோது, முதல் பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் இல்லாத ஒரு குடும்ப நாவல் தறப்பாள் கொட்டில்கள் ஊடாகக் கைமாறி எங்களிடம் வந்தது. யார் எழுதியது என்பது கூடத் தெரியாது. தண்ணீர் வரிசையில் நின்றபடி வாசித்தோம். முடிவு இல்லாதபடியால் ஆளுக்கொரு முடிவைச் சொல்லிச் சண்டை பிடித்தோம். அந்த நாட்களில் நாங்கள் சண்டை பிடித்துச் சிரித்த ஒரே விடயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதைப் பின்னர் அறிந்தேன். அதே சங்கத்தில் கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஓர் அக்கா இருக்கிறார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் கணவரின் படத்துடன் போய் இருந்தவர். அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "எனக்கு வாசிக்க விருப்பம்தான் தங்கச்சி. ஆனால் சிரிப்புக் கதை வேண்டாம். நான் சிரிக்கிறதை ஆரும் கண்டால் மனுசனை மறந்திட்டாள் எண்டு சொல்லுவினம். வீட்டில மாமியும் இருக்கிறா." அவரது வீட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால்தான் புத்தகம் ஒளித்து வைக்கப்பட்டது. களவாகச் செய்யும் காரியம் போல. எமது சமூகம் கணவரை இழந்த பெண்ணுக்குப் பூவையும் பொட்டையும் மாத்திரம் மறுக்கவில்லை. ஒரு சிரிப்புக்குக் கூட அவள் அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நாங்கள் ஒரு வழி செய்தோம். சங்கக் கட்டடத்தில் கச்சான் உடைக்கும் வேலை நடக்கும். கை வேலையில் இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது? ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது என்று முடிவானது. இடப்பெயர்வுகளால் படிப்பு ஐந்தாம் ஆறாம் வகுப்புடன் நின்றுபோனவர்களுக்கும் இது வசதி. எல்லோரும் சேர்ந்து சிரித்தால் யாரும் யாரையும் குறை சொல்லவும் முடியாது.

முதலில் எடுத்தது செங்கை ஆழியான் எழுதிய 'நடந்தாய் வாழி வழுக்கியாறு'. மாரியில் மாத்திரம் ஓடுகின்ற வழுக்கியாற்றின் வழியே, தொலைந்துபோன மாட்டைத் தேடிப் போகிறவர்களின் நகைச்சுவைக் கதை. யாழ்ப்பாணத்து ஊர்களும் அங்குள்ள மனிதர்களின் கதைப்பேச்சும் வழிநெடுக வரும். கையில் எடுத்த பின்னர்தான் எனக்குத் தயக்கம் வந்தது. வன்னிப் பெண்களுக்கு மாடு தொலைந்த கதை வேடிக்கையா? 2009இல் பட்டிபட்டியாக மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடி வந்தவர்கள் அவர்கள். வாசிக்கத் தொடங்கிய தங்கச்சியிடம் நிறுத்தச் சொல்வோமா என்று கூட யோசித்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர், "எங்கட சிவப்பியும் இப்பிடித்தான், கட்டையில நிக்காது" என்றார். அதன்பின் வாசிப்பு நின்றுவிட்டது. எத்தனை மாடுகள், என்ன நிறம், எந்தப் பசு உதைக்கும், எந்தப் பசு பிள்ளைகள் கறந்தாலும் நிற்கும் என்று அன்று பின்நேரம் முழுவதும் மாட்டுக் கதைதான். ஒருவர் அழுதார். அழுதுகொண்டே தன் மாடு பக்கத்து வீட்டுக்காரரின் வேட்டியைத் தின்ற கதையையும் சொன்னார். உளவளத்துணைப் பயிற்சியில் நான் படித்த எந்த உத்தியாலும் அவர்களை அவ்வளவு கதைக்க வைக்க என்னால் முடிந்திருக்கவில்லை.

அதே எழுத்தாளரின் 'ஆச்சி பயணம் போகிறாள்' இரண்டாவதாக வந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போயறியாத ஓர் ஆச்சி கதிர்காமத்துக்குப் புறப்படும் கதை. எங்கள் வீட்டு ஆச்சிமார் கதைப்பது போலவே இருக்கும். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து கதிர்காமப் பாதயாத்திரை போய் வந்த அம்மா ஒருவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் தன் அனுபவத்தையும் சேர்த்தபடியால் புத்தகம் இரண்டு மடங்கு நீண்டது. செங்கை ஆழியான் (1941–2016) அரச நிர்வாக அதிகாரியாக வன்னியிலும் கடமையாற்றியவர். பாரமான நாவல்களும் எழுதியிருக்கிறார். ஆனால் முதன்முதலாக வாசிக்கிறவர்கள் இந்த இரண்டிலிருந்தும் தொடங்குவது நல்லது.

இந்தியப் புத்தகங்களில் தேவனின் 'துப்பறியும் சாம்பு' எடுபட்டது. ஒன்றும் தெரியாத ஓர் அப்பாவி, அதிர்ஷ்டத்தால் மட்டுமே கள்ளரைப் பிடித்துப் பெரிய துப்பறிவாளராகிவிடுகிறார். தேவன் 1957இல் காலமானவர், ஆகவே பழைய தமிழகத்துப் பேச்சு. முதல் இரண்டு கதைகளுக்குப் பொறுமை வேண்டும், பிறகு பழகிவிடும். பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி, சீதாப்பாட்டி கதைகளில் மனைவி கெட்டிக்காரி, கணவர் எப்போதும் வம்பில் மாட்டுகிறவர். சீதாப்பாட்டியின் ஆங்கிலம் எங்கள் பெண்களுக்கு அவ்வளவு விளங்கவில்லை. ஆனால் அப்புசாமி மாட்டிக்கொள்ளும் இடங்களுக்கு மொழி தேவைப்படவில்லை.

ரமணிசந்திரனின் குடும்ப நாவல்களை அதிகம் கேட்பவர்கள் இளம் பெண்கள். எனது சக உத்தியோகத்தர்கள் சிலர் இதை விரும்புவதில்லை. நானும் முன்பு முகம் சுளித்தவள்தான். இவ்வகைக் கதைகளில் நாயகன் முதலில் அதட்டுவதும் சந்தேகப்படுவதும், பிறகு எல்லாம் அன்பினால்தான் என்று முடிவதும் எனக்கு இன்றும் பிடிப்பதில்லை. ஆனால் அதைப் பற்றிப் பெரிய வாதம் எழுந்தது. "முதல் அதட்டிலேயே நான் பெட்டியைக் கட்டியிருப்பன்" என்றாள் ஒரு தங்கச்சி. கணவரின் அடியைப் பற்றிக் கூட்டங்களில் வாயே திறக்காதவள் அவள். ஆகவே நாவலைத் தடை செய்யாதீர்கள், வாசித்தபின் ஒருமுறை கதையுங்கள்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம் என்பதால் பயந்தோம். 2022இலும் 2023இலும் திரைப்படங்களாக வந்த பின்னர் பிள்ளைகளே கேட்கத் தொடங்கினார்கள். கோடிக்கரையிலிருந்து தனியே படகு வலித்து ஈழத்துக்கு வரும் பூங்குழலியைக் கரையோரக் கிராமத்துப் பெண்களுக்கு உடனே பிடித்துவிட்டது. கதை தொடர்ந்து இழுத்துக்கொண்டு போகும். அவசர வேலை உள்ள நாட்களில் தொடவேண்டாம்.

புத்தகம் வாங்கக் காசு இல்லையே என்பீர்கள். பிரதேச சபை நூலகங்களில் இவற்றில் பல இருக்கும், விசாரியுங்கள். கைத்தொலைபேசியில் இணைய வசதி இருந்தால், 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாகவே வாசிக்கலாம். யாழ்ப்பாணத்தில் 'சுந்தர்' என்ற சிவஞானசுந்தரம் நடத்திய 'சிரித்திரன்' நகைச்சுவைச் சஞ்சிகையின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. சவாரித்தம்பரின் கேலிச்சித்திரங்களைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும், அடுப்பில் சோறு வேகும் நேரம்.

இன்னொன்று. "எனக்கு வாசிப்பில் விருப்பமில்லை" என்று சொன்ன நான்கு அம்மாக்களில் மூவருக்கு எழுத்துத் தெரியாதது கண்ணால்தான். இலவசக் கண் பரிசோதனையில் கண்ணாடி கிடைத்தபின் அவர்களிடமிருந்து புத்தகத்தைத் திருப்பி வாங்குவது கடினமாகிவிட்டது. நாற்பது வயது தாண்டியவர்கள் முதலில் கண்ணைக் காட்டுங்கள்.

வழுக்கியாற்றுப் புத்தகத்தை அந்த அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனார். சிரிப்புக் கதை வேண்டாம் என்றவரேதான். இரவில் கணவரின் தாயாருக்கு விளக்கடியில் வாசித்துக் காட்டுகிறாராம். போன கிழமை அந்தப் பக்கம் போனபோது, வேலிக்கு அப்பால் நின்று மாமி என்னைக் கூப்பிட்டார். மருமகள் இரண்டு நாளாகத் தோட்ட வேலையில் களைத்துப் படுத்துவிடுகிறாளாம்.

"பிள்ளை, நீ படிச்சனிதானே. அந்த மாடு கடைசியில கிடைச்சுதோ?"

நான் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.