கோட்டு மாட்டும் அறையில் அரங்கேறிய பூசைப் பாட்டு! தெரியுமா?

பீரங்கி முழங்கும் ஊரில் ஒரு பூசைப் பாட்டு அரங்கேறியிருக்கிறது, தெரியுமா? அதுவும் எங்கே? ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில், ஓபரா மாளிகையின் கோட்டு மாட்டும் அறையில்! கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குவோமே, அதுபோல வருகிறவர்கள் குளிர்காலக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிற இடம்.

நாள், 1945 பிப்ரவரி 11. பாட்டின் பெயர் 'மிசா ப்ரெவிஸ்', அதாவது சிறிய திருப்பலி. 'போர்க்காலத்தில்' என்று ஒரு துணைப்பெயரும் உண்டு. (1796-லேயே, நெப்போலியனின் படைகளுக்கு ஆஸ்திரியா நடுங்கிக்கொண்டிருந்தபோது, இசையமைப்பாளர் ஹைடன் 'போர்க்காலத்தில்' என்ற இதே பெயரில் ஒரு திருப்பலி எழுதி, சமாதானம் வேண்டுகிற இடத்தில் பேரிகையை உறுமவிட்டார். குறும்புக்காரர்!) புடாபெஸ்டில் அரங்கேறிய பாட்டை எழுதியவர் இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய். குழந்தைகளுக்குக் கை முத்திரை காட்டி ஸ்வரம் சொல்லித்தரும் 'கோடாய் முறை' இருக்கிறதே, அந்தக் கோடாயேதான்.

1942-ல் இதற்கு வார்த்தையே கிடையாது தெரியுமா? வெறும் ஆர்கன் இசை. 1944-ல் போர் வாசலுக்கு வந்துவிட்டது. கோடாயின் மனைவி எம்மா யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அதனால் அவர் உயிருக்கே ஆபத்து. இருவரும் ஒரு கன்னியர் மடத்து நிலவறையில் ஒளிந்துகொண்டார்கள். மேலே குண்டு விழ, கீழே அந்த இசையைப் பாடகர் குழுவுக்காகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார் மனிதர்! எழுதி முடித்து எம்மாவுக்கே காணிக்கையாக்கினார்.

பிறகு ஓபரா மாளிகையில் தஞ்சம். பாட ஓபராக் கலைஞர்கள் இருந்தார்கள், ஆர்கனுக்கு எங்கே போவது? கிடைத்தது ஒரு ஹார்மோனியம். பஜனைக்கு ஸ்ருதி கூட்டுகிற வாத்தியத்தின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இரக்கம் கேட்கும் முதல் பகுதியிலேயே மூன்று பெண்குரல்கள் உச்ச ஸ்தாயியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அதற்குக் கீழே அன்று ஒலித்தது அந்த ஹார்மோனியம்தான்.

மாளிகை இருந்த பெஸ்ட் பகுதி ஜனவரி 18-லேயே சோவியத் படையிடம் விழுந்திருந்தது. டான்யூப் நதிக்கு அக்கரையில், புடாவில், இன்னும் சண்டை. நடுவில் ஒரு பாலம்கூட மிச்சமில்லை. பாட்டு அரங்கேறிய அதே நாள் இரவுதான், அக்கரையில் சிக்கியிருந்த ஜெர்மன், ஹங்கேரியப் படையினர் முற்றுகையை உடைத்துக்கொண்டு ஓடப்பார்த்து ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்! இரண்டே நாளில் நகரம் முழுதும் வீழ்ந்தது. சுமார் ஐம்பது நாள் முற்றுகையில் ஏறக்குறைய 38,000 பொதுமக்கள் மாண்டுபோனார்கள்.

இன்னொன்று தெரியுமா? 'பூசை முடிந்தது, போய் வாருங்கள்' என்று ஜனங்களை அனுப்பிவைக்க வேண்டிய கடைசிப் பகுதி. பாடகர்களை அங்கேயும் மறுபடி சமாதானம் கேட்க வைக்கிறார் கோடாய். எனக்கு இந்த இடம்தான் தொண்டையை அடைக்கும்.

1948-ல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகர இசைவிழாவில் முழு இசைக்குழுவோடு இதைக் கோடாயே நடத்தினார். இந்த முறை பேராலயத்தில். ஆர்கனுக்கும் பஞ்சமில்லை.