கடிதத்தின் கடைசி வரி

சென்ற ஆண்டு மேமோகிராம் எடுத்து வந்த சில நாளில் கடிதம் வந்தது. புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்றிருந்தது. அப்பாடா என்று மேசையில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். கடைசி வரியைப் படித்தது, இங்கே நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த என் மகள்தான்.

"அம்மா, உங்களுக்கு டென்ஸ் பிரெஸ்ட்டாம். டாக்டர்கிட்ட பேசச் சொல்லியிருக்காங்க."

மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் மேமோகிராமில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். பஞ்சு மூட்டைக்குள் மல்லிகை மொட்டைத் தேடுகிற கதை. அதனால்தான் 2024 செப்டம்பர் 10 முதல், அமெரிக்காவில் மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு மையமும் அடர்த்தி பற்றி நமக்குச் சொல்லியாக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க எனக்குப் பயம். அப்படியானால் எம்.பி.ஐ. என்ற அணு மருத்துவப் பரிசோதனை செய்யலாம் என்றார் டாக்டர். நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அணுவா? கூடங்குளம் பக்கத்துல இருந்துகிட்டு நாங்க படுற பயம் போதாதா? வேண்டாம்டி!"

"அம்மா, அப்பாவுக்கு ஹார்ட் ஸ்கேன் எடுத்தப்போ போட்ட ஊசிதான் இது" என்றேன். அதற்குப் பிறகுதான் அடங்கினார்.

உண்மையும் அதுதான். டெக்னீசியம் கலந்த செஸ்டமிபி என்ற மருந்தைக் கையில் ஊசியாகப் போடுகிறார்கள். சுறுசுறுப்பாகப் பெருகும் செல்கள் அதை அதிகம் இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து வரும் காமா கதிரைக் கேமரா பிடிக்கிறது. மேமோகிராம் அளவுக்கு அழுத்தமில்லை; உட்கார்ந்தபடியே சுமார் 40 நிமிடம். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம்.

என் இடது மார்பில் ஒரு புள்ளி மின்னியது. பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியானது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அறுவை சிகிச்சை, கதிர் சிகிச்சை எல்லாம் முடிந்து இப்போது வேலைக்குப் போகிறேன்.

மயோ கிளினிக் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அடர்த்தியான மார்பகம் கொண்ட 1,585 பெண்களைச் சோதித்தார்கள். மேமோகிராம் மட்டும் ஆயிரத்துக்குச் சுமார் 3 பேரிடம் புற்றுநோயைக் கண்டது. இரண்டும் சேர்ந்தபோது 12 பேரிடம்.

அதற்காக எல்லோரும் ஓட வேண்டியதில்லை. மேமோகிராமுக்கு இது மாற்று அல்ல. உடல் முழுவதும் படும் கதிர்வீச்சு மேமோகிராமைவிட அதிகம். ஒன்றுமில்லாததைக் காட்டி வீணாக அலையவிடுவதும் உண்டு. எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது; இன்சூரன்ஸ் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். "என் மார்பக அடர்த்தி என்ன? எனக்கு வேறு சோதனை தேவையா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவுக்கு வரும் கடிதத்தை வாங்கிக் கடைசி வரிவரை படித்துச் சொல்லுங்கள். என் மகள் படித்தாள். அதனால்தான் இதை நான் எழுதுகிறேன்.