சுவீடிஷ் மசாஜ்: எப்போது சுகம், எப்போது ஆபத்து?

நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்பவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது சகஜம். உடம்பைப் பிடித்துவிட்டால் தேவலாம் என்று ஸ்பாவுக்குப் போனால், விலைப்பட்டியலில் பெரும்பாலும் கண்ணில் படுவது சுவீடிஷ் மசாஜ். வேடிக்கை என்னவென்றால், சுவீடன் நாட்டில் இதை 'கிளாசிக் மசாஜ்' என்றுதான் சொல்கிறார்கள். 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கிய பேர் ஹென்ரிக் லிங்கைப் பலரும் இதன் தந்தை என்பர். ஆனால், இன்றைய பிடிமுறைகளை ஒழுங்குபடுத்தியவர் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் மெஸ்கர் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

முறைகள் ஐந்து. அவற்றுள் நீவுதலே உயிர். உள்ளங்கையில் எண்ணெய் தடவி, இதயம் இருக்கும் திசை நோக்கி நீளவாக்கில் மெல்ல நீவ வேண்டும். தொடக்கமும் முடிவும் இதுதான். எந்தத் தசை இறுகியுள்ளது என்பதை, நீவும்போதே தேர்ந்த கை கண்டுபிடித்துவிடும். அதன்பின் மாவு பிசைவதுபோல் தசையைத் தூக்கிப் பிசைவார்கள். கட்டை விரலால் வட்டமாக அழுத்தித் தேய்ப்பது, கையைக் குவித்துத் தட்டுவது, அதிரச் செய்வது ஆகியவை மற்றவை.

பலன் உண்டா? அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் நாள்பட்ட இடுப்புவலியுள்ள 401 பேரிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறையாக 10 வாரம் மசாஜ் செய்துகொண்டவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. ஓராண்டில் பெரும்பாலும் மங்கிவிட்டது. மன இறுக்கம் தளர்வதும் உண்மை. உடலின் நச்சு வெளியேறும் என்பது மட்டும் விளம்பரப் பேச்சு, அதற்கு ஆதாரமில்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. நீண்ட விமானப் பயணத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், 'தைலம் போட்டு உருவிவிடு' என்று வீட்டில் சொல்வார்கள். கூடவே கூடாது! ஆழத்திலுள்ள சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் அக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

காய்ச்சல், தோல் தொற்று உள்ளபோதும் மசாஜைத் தள்ளிப்போடலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்பது நல்லது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அழுத்தம் அதிகமானாலும் தெரியாது. ஆகவே மசாஜ் செய்பவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றவர்களும் வலித்தால் வாய் திறந்து சொல்லலாம். பல்லைக் கடித்துத் தாங்க வேண்டிய மசாஜ் இதுவல்ல.