பள்ளிக்கூடத்துப் பேருக்கு மார்க் கிடையாது

(தலைப்பு: கல்லூரி வாசலைத் திறப்பது பெரிய பள்ளிக்கூடமா, விவரமான பெற்றோரா? “விவரமான பெற்றோரே” என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய கும்மிடிப்பூண்டி குடும்பத் தலைவியின் உரை.)



எங்க ஊர்ல கோழி கூவிப் பொழுது விடியறதில்லீங்க. சிப்காட்டுக்கு முதல் ஷிப்ட் ஆள் ஏத்துற கம்பெனி பஸ் ஹாரன்லதான் விடியும். அந்த பஸ் போனதும் பின்னாடியே மஞ்சள் கலர் ஸ்கூல் பஸ் வரும். முதல் பஸ்ல வீட்டுக்காரர் சம்பாதிக்கப் போவார். ரெண்டாவது பஸ்ல அந்தச் சம்பளம் போகும். (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “நல்ல மெட்ரிக் பள்ளியில சேர்த்துட்டா போதும், காலேஜ் சீட்டு வீடு தேடி வரும்.” ஐயா, நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பிப் பட்டவள் பேசறேன், கேளுங்க.

என் மூத்த மகள் 2017-ல் பிளஸ் டூ முடிச்சா. எல்.கே.ஜி.யிலிருந்து தனியார் பள்ளி. பேர் சொல்ல மாட்டேன். உங்க ஊர்லயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கும். 1200-க்கு 1128 மார்க். தெருவே வந்து வாழ்த்திச்சு. டாக்டரம்மான்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அந்த வருஷம்தான் நம்ம மாநிலத்துக்கு நீட் வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும். தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். 2007 முதல் 2016 வரை பத்து வருஷம், மருத்துவத்துக்கும் பிளஸ் டூ மார்க்தான். அந்தப் பத்து வருஷத்தில் பல தனியார் பள்ளிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். மார்க் குவிந்தது. நாங்களும் கைதட்டினோம். ஆனால் நீட் ரெண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேட்கும். என் மகள் தேர்வு எழுதிவிட்டு வந்து, “அம்மா, பாதிக் கேள்வி நான் பாக்காத பாடத்துல இருந்து வந்துச்சும்மா”ன்னு சொன்னா. அதுக்குப் பிறகு மூணு நாள் அவ சரியாப் பேசலை.

ஆகஸ்ட் 22 வரைக்கும், விலக்கு வருமா வராதான்னு தமிழ்நாடே காத்திருந்தது. உச்ச நீதிமன்றம் இல்லைன்னு சொன்னப்போ, பொறியியல் கலந்தாய்வும் முடிஞ்சே போச்சு. எங்க கையில ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம் இருந்தது. அது எப்படி வந்தது தெரியுமா? பக்கத்து வீட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒரு அக்கா, மே மாசமே திட்டினாங்க. “ஒரே குளத்துல தூண்டில் போட்டுட்டு உக்காராதே. மீன்வளப் படிப்புக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான். பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கு. விண்ணப்பம் போடு”ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “டாக்டருக்குப் படிக்கற பொண்ணுக்கு மீன்காரி படிப்பா?” (சிரிப்பு) வெக்கமா இருக்கு, ஆனா சொன்னேன். அந்த அக்காதான் வற்புறுத்திப் போட வெச்சாங்க. நாலு வருஷம் படிச்சு, இன்னிக்கு பழவேற்காடு பக்கம் இறால் பண்ணைகளுக்கு யோசனை சொல்ற வேலையில இருக்கா என் மக. (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, அந்தச் சீட்டை வாங்கித் தந்தது பதினாலு வருஷம் நாங்க கட்டின கட்டணமா? விவரம் தெரிஞ்ச ஒரு அக்காவா?

இப்போ பொறியியலுக்கு வருவோம். கட்-ஆஃப் 200 மார்க். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இதுல பள்ளிக்கூடத்துப் பேருக்கு எத்தனை மார்க்? நீச்சல் குளத்துக்கு எத்தனை? ஏ.சி. வகுப்புக்கு எத்தனை? பூஜ்யம்! அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1997-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 சதவிகிதம் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். அங்கே பள்ளிக்குள் எத்தனாவது என்பது கணக்கு. இங்கே மாநிலத்துக்கே ஒரே தரவரிசை. கும்மிடிப்பூண்டிப் பிள்ளையும் கோயமுத்தூர்ப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கணும்.

எதிரணி அம்மா ஒருத்தர் ஆதங்கப்பட்டார். “அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 சதவிகிதம் கொடுத்துட்டாங்க, எங்க பிள்ளை இடம் போச்சு”ன்னார். அம்மா, கணக்குப் போட்டுப் பாருங்க. 100 இடம் உள்ள ஒரு அரசு மருத்துவக் கல்லூரி. 15 இடம் அகில இந்திய ஒதுக்கீடு. மிச்சம் 85. அதில் 7.5 சதவிகிதம் ஆறு இடம், கொஞ்சம் மேலே. பாக்கி ஏறத்தாழ 79 இடத்துக்கு 69 சதவிகித இட ஒதுக்கீட்டின்படி எல்லாப் பிள்ளைகளும் போட்டி போடுகிறார்கள். அந்த ஆறு இடத்தால் உங்க பிள்ளை கதவு அடைபடவில்லை. ஓய்வு பெற்ற நீதிபதி கலையரசன் குழு 10 சதவிகிதம் பரிந்துரைத்தது. 2020-ல் சட்டமாக வந்தது 7.5. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அது கிடைக்கும். பொறியியலுக்கும் 2021-ல் அது வந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. என் தம்பி மகன் அப்படித்தான் படிக்கிறான். சிப்காட்ல லோடு ஏத்துறவர் பிள்ளை. பொறாமைப்பட எனக்கு மனசு வரலீங்க.

அப்படின்னா தனியார் பள்ளிப் பிள்ளைக்கு வழியே இல்லையா? நிறைய இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கணும்.

ஒண்ணு: பள்ளி வாசல்ல பெரிய போர்டு வெச்சிருப்பாங்க. அதுல சிரிக்கிற மூணு முகத்தைப் பாக்காதீங்க. போர்டுல இல்லாத இருநூறு பிள்ளை எந்தக் காலேஜுக்குப் போச்சுன்னு கேளுங்க. நடு வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளை எங்கே போனதோ, அங்கேதான் பெரும்பாலும் நம்ம பிள்ளையும் போகும். (கைதட்டல்)

ரெண்டு: போன வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எத்தனை கட்-ஆஃப்ல இடம் முடிந்தது என்ற பட்டியலைப் பாருங்க. பத்திரிகைக்கு நாள் பார்ப்பது மாதிரி பொறுமையா உட்கார்ந்து பாருங்க. பிள்ளை மார்க்கை விடக் கொஞ்சம் உசந்த கல்லூரிகளை மேலே, பொருந்துகிறதை நடுவில், நிச்சயமானதைக் கீழே வரிசைப்படுத்துங்க. ஆன்லைன் கலந்தாய்வில் எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் தரலாம். நாலே நாலு பேரைக் கொடுத்துவிட்டு நல்ல ரேங்க்கோடு வெறுங்கையாய் நிற்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன். தெரியாவிட்டால் அரசு உதவி மையத்துக்குப் போங்க, காசு கிடையாது.

மூணு: நானூறுக்கு மேல் பொறியியல் கல்லூரி உள்ள மாநிலம் இது. வருஷா வருஷம் இடம் காலியாகக் கிடக்குது. “இன்னிக்கே முன்பணம் கட்டலைன்னா சீட்டு போயிடும்”னு போன் வந்தா பயப்படாதீங்க. கலந்தாய்வில் போனால், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. தனியார் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் அது கிடையாது.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

அரை நிமிஷம் ஐயா! நாலு: பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரிக்கு எங்க ஊர்லயிருந்து மின்சார ரயில்லயே போயிட்டு வரலாம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் பி.இ. ரெண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம். என் வீட்டுக்காரர் ஐ.டி.ஐ. படிச்சவர், அந்தக் கையெழுத்துதான் எங்க வீட்டு அடுப்பை எரிய வெச்சுது.

பிள்ளை தோத்தது பரீட்சையில இல்லீங்க; நாங்க ஒரே வாசலைப் பாத்துக்கிட்டு நின்னதுல. அந்த மூணு நாள் என் மகள் பேசாம இருந்தாளே, அது எந்த வீட்டுலயும் வர வேண்டாம். பள்ளிக்கூடம் பாடம் சொல்லித் தரும். வாசல் எத்தனை இருக்குன்னு நாமதான் தெரிஞ்சு சொல்லணும். ஆகவே, கல்லூரி வாசலைத் திறப்பது விவரமான பெற்றோரே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)