வெளியே மூச்சுவிட்டுக் காட்டும் நுரையீரல்

கொடையாக வரும் உறுப்புகளில் மருத்துவர்கள் அடிக்கடி வேண்டாமென்று ஒதுக்கும் ஒன்று நுரையீரல். பல நாடுகளில் ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான் அது இன்னொருவர் நெஞ்சுக்குள் போகிறது. மூளைச்சாவு அடைந்தவரின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வென்டிலேட்டரில் இருக்கும்போதே கிருமியும் தொற்றும். ஐஸ் பெட்டியில் வந்து சேரும் உறுப்பை வெறுமனே பார்த்து முடிவெடுப்பது, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே பழைய வண்டியை வாங்குவது போலத்தான்.

ஸ்டார்ட் செய்து பார்த்தவர் ஸ்வீடனின் லுண்ட் நகர அறுவை நிபுணர் ஸ்டிக் ஸ்டீன். மாரடைப்பில் இறந்த ஒருவரின் நுரையீரலை உடலுக்கு வெளியே இயக்கிச் சோதித்து, 2000இல் 54 வயதுப் பெண்ணுக்குப் பொருத்தினார். பிறகு கனடாவின் டொராண்டோவில் ஷாஃப் கேஷவ்ஜியின் குழு சோதனை நேரத்தைப் பல மணிகளுக்கு நீட்டியது.

அங்கே நுரையீரல் ஒரு கண்ணாடி போன்ற கூட்டுக்குள் இருக்கும். சத்துத் திரவம் ரத்தக்குழாய்கள் வழியே ஓட, சூடு மெல்ல 37 டிகிரி செல்சியஸுக்கு ஏறும். வென்டிலேட்டர் காற்றூதும்; வெளிறிய சதை விரிந்து சுருங்கத் தொடங்கும். நுரையீரலைக் கடக்கும் திரவத்தில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது 350 மி.மீ. பாதரச அளவு உயர வேண்டும். எக்ஸ்-ரே எடுப்பார்கள், மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டும் பார்ப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டொராண்டோ முறைத் திரவத்தில் சிவப்பணுக்கள் கிடையாது. அதனால் நுரையீரலின் ஒரு பகுதி கெட்டிருந்தாலும் ஆக்சிஜன் அளவு நன்றாகவே காட்டக்கூடும். சதை விறைத்து, காற்றழுத்தம் கூடுவதுதான் முன்கூட்டியே எச்சரிக்கும். ஒற்றை எண்ணை நம்பினால் ஏமாற வேண்டியதுதான்.

சரி, இந்தச் சோதனையையே சோதித்தது யார்?

டொராண்டோ குழு 2011இல் முடிவுகளை வெளியிட்டது. 23 கொடையாளர்களின் சந்தேகத்துக்குரிய நுரையீரல்களை நான்கு மணி நேரம் இயக்கி, 20ஐப் பொருத்தினார்கள். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது, பொருத்திய உறுப்பு கடுமையாகத் தடுமாறியது 15 சதவீதத்தினருக்கு. வழக்கமான நுரையீரல் பெற்றவர்களில் அது 30 சதவீதம். பாதியாகக் குறைந்துவிட்டதே என்று துள்ள வேண்டாம். இத்தனை சிறிய குழுவில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். மோசமாகிவிடவில்லை என்பதே அதன் உண்மையான செய்தி.

பிரிட்டனில் கதை வேறு. ஐந்து மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில் 53 சோதனைகளில் 18 மட்டுமே பொருத்துதலில் முடிந்தன. அவற்றைப் பெற்றவர்களுக்கு ஆரம்ப நாட்களில் தடுமாற்றமும், உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியின் தேவையும் கூடுதலாக இருந்தன. திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆய்வு நிறுத்தப்பட்டது. கருவி மட்டும் போதாது. எந்தத் திரவம், எவ்வளவு வேகம், யாருடைய கை என்பதெல்லாம் முடிவை மாற்றுகின்றன.

ஆனாலும் அந்த ஆய்வு வீண்போகவில்லை. நுரையீரல்கள் வழியே ஓடிய திரவத்தை நியூகாசில் ஆய்வாளர்கள் பத்திரப்படுத்திப் பரிசோதித்தார்கள். பொருத்தத் தகுதியில்லாமல் போனவற்றின் திரவத்தில் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் அதிகமாக இருந்தது.