கணினிக்குள் இருப்பதும் அமானிதமே



2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதே காரணம் என்று சொல்லப்பட்டபோது பலரும் சிரித்தோம். ஆனால் கனமூலையில் எமது வீட்டில் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனது கணினி அந்த நேரத்தில்தான் தன்னைப் புதுப்பித்துக் கொண்டிருந்தது. ‘கணினியை அணைக்க வேண்டாம்’ என்ற எச்சரிக்கை திரையில் இருக்கும்போதே எல்லாம் இருண்டது.

மாலையில் மின்சாரம் வந்தது. கணினி வரவில்லை. திரையில் வட்டம் சுழலும், அணையும், மீண்டும் முதலிலிருந்து சுழலும்.

அது பழைய கணினி. விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் அதற்குள் இருந்தவற்றுக்கு விலையே இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையானோர் எமது புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம் மட்டுமே. அப்படி வந்த குடும்பங்கள் சிலவற்றின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு ஆகியவற்றை நான் படமெடுத்துக் கணினியில் சேமித்திருந்தேன். சிலவற்றின் மூலப் பிரதிகளைப் பின்னர் கறையான் அரித்துவிட்டது. எஞ்சியிருந்தது அந்தப் படம் மட்டுமே. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்கள், எனது கவனயீனத்தால் இரண்டாம் முறையும் இழப்பதா? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருத்தும் கடையொன்றுக்குத் தொலைபேசியில் பேசினேன். “கொண்டு வாங்க, போமட் பண்ணித் தாரன்” என்றார்கள். போமட் செய்வது என்றால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. இதன் பொருள் தெரியாமல் தலையசைத்த ஒரு சகோதரியை நான் அறிவேன். மரணித்த கணவரின் படங்கள் அவரது கணினியில் இருந்தன. கணினி நன்றாகத் திருந்தி வந்தது. உள்ளே ஒன்றுமே இருக்கவில்லை.

எனக்குக் கைகொடுத்தவள் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் எனது சகோதரியின் மகள். “சாச்சி, ஒண்டும் அழிஞ்சி போகல்ல. பாதி வழியிலதான் நிக்கிது” என்றாள்.

நடந்தது என்ன?

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ். அதைப் புதுப்பிப்பது கிடுகுக் கூரை மாற்றுவதைப் போன்றது. பழைய கிடுகைக் கழற்றிப் புதியதைக் கட்டும்போது இடையில் மழை வந்தால் வீடு நனையும். ஆனாலும் வீட்டுக்குள் இருக்கும் பெட்டியும் அதிலுள்ள உறுதியும் அங்கேயேதான் இருக்கும். புதுப்பித்தல் இடைநடுவில் நின்றாலும் எமது கடிதங்களும் படங்களும் பெரும்பாலும் வன்தட்டில் பத்திரமாகவே இருக்கின்றன. பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்களாலேயே அவை அழிகின்றன.

மின்தடை மட்டும் காரணமல்ல. வன்தட்டில் இடம் போதாமையும் அச்சியந்திரம் போன்ற கருவிகளின் பழைய மென்பொருளும் புதுப்பித்தலைத் தடுக்கும். சில வேளைகளில் தவறு நிறுவனத்தினுடையதாகவும் இருக்கும். 2018 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலரது கோப்புகளை அழித்துவிட்டது. சில நாட்களிலேயே நிறுவனம் அதை நிறுத்தித் திருத்த வேண்டியதாயிற்று.

நாங்கள் செய்தவை

முதலில் பொறுமை. மாற்றங்களை மீளப் பெறுவதாகத் திரை சொன்னால் ஓரிரு மணித்தியாலம் விட்டுவிட வேண்டும். எமக்கு அது பலனளிக்கவில்லை. பென்ட்ரைவ், அச்சியந்திரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கினோம். அதுவும் சரிவரவில்லை.

இரண்டாவது, திருத்த முன்னர் கோப்புகளைக் காப்பாற்றுவது. மறுநாளும் சுழற்சி முறையில் மின்வெட்டு இருந்ததால் அது முடியும்வரை காத்திருந்தோம். மகள் வேறொரு கணினியின் உதவியுடன் லினக்ஸ் என்ற இலவசப் பணிசெயல் முறைமையை 8 ஜிபி பென்ட்ரைவில் ஏற்றி வந்தாள். அதன் மூலம் எனது கணினி இயங்கியது. கோப்புகள் அனைத்தும் அப்படியே தெரிந்தன. அல்ஹம்துலில்லாஹ்! அவற்றை இன்னொரு பென்ட்ரைவில் பிரதி எடுத்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. (சில புதிய கணினிகளில் வன்தட்டு பூட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு 48 இலக்கத் திறவு எண் வேண்டும். அதை இப்போதே தேடி எழுதி வையுங்கள்.)

மூன்றாவதாகத்தான் திருத்தம். சில தடவை தொடர்ந்து இயங்கத் தவறினால் விண்டோஸ் தானாகவே திருத்தும் திரைக்குச் செல்லும். அதில் ‘ட்ரபிள்ஷூட்’, அதற்குள் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்பவற்றைத் தெரிவு செய்தோம். ‘ஸ்டார்ட்அப் ரிப்பெயார்’ பலனளிக்கவில்லை. ‘அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்’ மூலம் கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கினோம். கணினி பழையபடி எழுந்தது. சில நாட்களின் பின் மின்சாரம் சீரான ஓர் இரவில் அதே புதுப்பிப்பு தடையின்றி ஏறியது.

இதுவும் சரிவராவிட்டால் ‘ரீசெட்’ என்ற வழி இருக்கிறது. அங்கே ‘கீப் மை பைல்ஸ்’ என்பதையே அழுத்த வேண்டும். அது கோப்புகளை வைத்துக்கொண்டு, நாம் ஏற்றிய மென்பொருட்களை நீக்கும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பது எல்லாவற்றையும் அழித்துவிடும்.

புதுப்பிப்பே வேண்டாமா?

இப்படிக் கேட்கும் சகோதரிகளும் உள்ளனர். 2017 மே மாதம் ‘வன்னாக்ரை’ என்ற தீய மென்பொருள் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் வைத்தியசாலைகளும் அதற்குத் தப்பவில்லை. அதைத் தடுக்கும் புதுப்பிப்பு அதே வருடம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. அதை ஏற்றாதவர்களே பெரிதும் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அத்தகைய கணினி உங்களிடம் இருந்தால் முக்கியமானவற்றை உடனே வேறோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்.

சகோதரிகளே, எமது வீட்டுக் கணினிகளில் குடும்பப் படங்கள் இருக்கின்றன. பிறர் எம்மை நம்பித் தந்த விபரங்களும் இருக்கின்றன. அறிமுகமில்லாத ஒருவரிடம் அவற்றை ஒப்படைக்க முன்னர் ஒருகணம் யோசிப்போம். கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமானால், தனிப்பட்டவற்றைப் பிரதி எடுத்து அகற்றிவிட்டு, “என்னைக் கேட்காமல் போமட் செய்ய வேண்டாம்” என்று எழுதிக் கொடுப்போம். முடிந்தால் வீட்டில் ஒருவர் உடனிருப்போம்.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் நான் பென்ட்ரைவில் பிரதி எடுக்கிறேன். பத்து நிமிட வேலை. அந்தப் பென்ட்ரைவ் கணினி மேசையில் இல்லை, உம்மாவின் அலுமாரியில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குரிய இடம் அதுதான் என்பது இப்போது உம்மாவுக்கும் தெரியும்.