‘கான் கேர்ள்’ புதினத்தில் மறைத்தலும் புனைதலும்

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் கில்லியன் ஃபிளின்னின் மூன்றாவது புதினம் ‘கான் கேர்ள்’ (2012). மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்ததாகப் புனையப்பட்ட நார்த் கார்த்தேஜ் என்னும் ஊரில், நிக் டன்னின் மனைவி ஏமி தம் ஐந்தாம் திருமண நாளன்று காணாமல் போகிறாள். ஐயம் கணவன்மீது விழுகிறது. அவளுக்கு நேர்ந்தது என்ன என்னும் வினாவிற்குப் புதினத்தின் நடுப்பகுதியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. ஆயினும் விறுவிறுப்புக் குறைவதில்லை. இதற்கான காரணம் எடுத்துரைப்பு முறையில் அமைந்துள்ளதை இக்கட்டுரை விளக்குகிறது.

மறைத்தல்

முதற்பகுதியின் இயல்கள் நிக்கின் தன்கூற்றாகவும் ஏமியின் நாட்குறிப்பாகவும் மாறிமாறி அமைகின்றன. காவலரிடம் தான் கூறும் பொய்களை நிக் தானே எண்ணிக் காட்டுகிறான். இவ்வொப்புதல், வாசகரிடமேனும் அவன் உண்மை பேசுகிறான் என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. ஆனால் தன் மாணவியுடனான உறவை அவன் வாசகரிடமிருந்தும் நெடுநேரம் மறைக்கிறான். அவனது உத்தி, சொல்லாமல் விடுதல்.

புனைதல்

ஏமியின் நாட்குறிப்பு 2005 முதல் 2012 வரை நாளிடப்பட்டுள்ளது. நியூயார்க்கில் மலர்ந்த காதல், பொருளாதாரச் சரிவில் இருவரும் வேலையிழத்தல், கணவனின் ஊருக்குக் குடிபெயர்தல், அவன்மீது எழும் அச்சம் எனச் சீரான வீழ்ச்சியை அது காட்டுகிறது. காவலர் கண்டெடுக்க வேண்டுமென்றே எழுதப்பட்ட போலி ஆவணம் அது என்பது இரண்டாம் பகுதியில் வெளிப்படுகிறது. நாட்குறிப்புப் பிறர் பார்வைக்கு உரியதன்று. ஆதலால் பொய் கூறாது என்னும் வகைமை நம்பிக்கையே இங்குக் கருவியாகிறது. நிக்கின் இயல் தலைப்புகள் அவள் மறைந்த நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடுகின்றன. உண்மை வெளிப்பட்டபின் ஏமியின் தலைப்புகளும் அதே கணக்கிற்கு மாறுகின்றன.

வேயின் பூத் 1961இல் முன்வைத்த ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்னும் கருத்தாக்கம் இருவருக்கும் பொருந்தும். எனினும் நம்பகமின்மை ஒருவனிடம் விடுபடலாகவும் மற்றொருத்தியிடம் படைப்பாகவும் வேறுபடுகிறது. ஏமியின் பெற்றோர் ‘அமேசிங் ஏமி’ என்னும் சிறுவர் நூல்வரிசையில் மகளின் குறைகளற்ற வடிவமொன்றை எழுதி விற்றவர்கள். பிறரால் எழுதப்பட்டே வளர்ந்தவள், பின்னர்த் தன்னையும் கணவனையும் எழுதத் தொடங்குகிறாள்.

எதிர்வினை

வன்முறைக்கு அஞ்சும் மனைவியின் வாக்குமூலத்தைப் பொய்யாகக் காட்டுவது பெண்வெறுப்பிற்குத் துணைபோகிறது என்னும் விமர்சனம் இப்புதினத்தின்மீது உண்டு. இவ்விமர்சனம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் நாட்குறிப்புப் பொய்யாயினும் நிக்கின் துரோகம் மெய் என்பதையும், அவனது மறைப்பை வாசகர் எளிதில் மன்னித்துவிடுவதையும் இணைத்தே இதனை மதிப்பிட வேண்டும்.

முடிவுரை

வீடு திரும்பிய ஏமியைப் பற்றிய உண்மையை நிக் நூலாக எழுதுகிறான். அவள் கருவுற்றிருப்பதை அறிந்ததும் அதனை அழித்துவிடுகிறான். இறுதி இயல் ஏமியின் கூற்றாகவே முடிகிறது. திருமணத்திற்குள் நிகழும் அதிகாரப் போட்டி, கதையைச் சொல்லும் உரிமைக்கான போட்டியாக இப்புதினத்தில் வடிவம் பெற்றுள்ளது என்பது இதனால் பெறப்படுகிறது.